எழுதுகிறவர் வீட்டு நாய்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு முறை போனாலே அந்த நிலத்தின் அமைப்பு பிடிபட்டுவிடும். ஓர் ஏரி, அதன் கீழே நெல் வயல், அடுத்தது பாறைக் குன்று, குன்றைச் சுற்றிக் காப்புக்காட்டுப் புதர், திரும்பவும் வயல், பிறகு சவுக்குத் தோப்பு, கடல். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே மதில் எதுவும் கிடையாது. வயலில் எலி இருப்பதால் பாம்பு வருகிறது. தெருவில் நாய் இருப்பதால் சிறுத்தை வருகிறது. மனிதன் இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டு, வாசலில் ஒரு நாயையும் வளர்க்கிறான்.

இந்த நிலத்தில், செங்கல்பட்டுக்கு அருகே ஒரு தோட்ட வீட்டில் ரோமுலஸ் விட்டேகரும் அவர் மனைவி ஜானகி லெனினும் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். விட்டேகர் 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1951இல் சிறுவனாக இந்தியா வந்து கொடைக்கானலில் பள்ளிப் படிப்பை முடித்தார். சென்னைப் பாம்புப் பண்ணை, 1976இல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணை, 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆகிய மூன்றும் அவர் முன்னின்று உருவாக்கியவை. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜானகி லெனின் ஆவணப்படங்களில் பணியாற்றியவர், எழுத்தாளர். ‘இந்து’ ஆங்கில நாளிதழில் ‘மை ஹஸ்பண்ட் அண்ட் அதர் அனிமல்ஸ்’ என்ற பத்தியை எழுதினார். 2012இல் அது நூலானது. அந்த வீட்டு வாழ்க்கையின் நினைவுக்குறிப்பு என்றே அதைச் சொல்லலாம். 2024இல் விட்டேகரின் இளமைக்காலத் தன்வரலாறு ‘ஸ்னேக்ஸ், டிரக்ஸ் அண்ட் ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரில், இருவரும் சேர்ந்து எழுதியதாக வெளிவந்தது.

வாழ்ந்ததை எழுதுகிற வேலை வெளியே அலைகிற வேலை அல்ல. அதைச் செய்பவர் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார். காலையில் ஒரு நடை, பிறகு மேசை, மதியச் சாப்பாடு, மீண்டும் மேசை, மாலையில் தோட்டத்தைச் சுற்றி வருவது என்று அவருடைய நாள் ஒரே தடத்தில் ஓடும். நாய்க்கு இதைவிட நல்ல எஜமானர் கிடையாது. அந்தத் தடத்தை மனைவி மக்களுக்கு முன்பே நாய் கற்றுக்கொண்டுவிடும். எப்படிக் கற்றுக்கொள்கிறது, எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறது, அந்த அறிவு எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதெல்லாம் இன்று அறிவியலால் ஓரளவு விளக்கக்கூடிய விஷயங்கள். கைவிடும் இடம் எது என்பது செங்கல்பட்டுப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பே நாய் எழுந்து வந்து நிற்பதைப் பார்க்காத நாய்க்காரர் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் உணவு கிடைத்தால், உணவு வரும் நேரத்துக்கு முன்பே உடல் தயாராகிவிடுகிறது. எலிகளிடம் இந்த இயல்பைக் கர்ட் ரிக்டர் 1922இலேயே பதிவு செய்தார். உடலுக்குள் ஓடும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் நேரம் வைத்துக்கொள்வதில்லை, சோற்றைப் பார்த்தும் வைத்துக்கொள்கிறது. நாய்க்கு இதோடு காதும் மூக்கும் துணை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி கேட்காது. நாய்க்கு ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாற்காலி பின்னால் நகரும் ஓசை, கணினியை மூடும் ஓசை, செருப்பைக் காலால் தேடும் ஓசை ஒவ்வொன்றும் அதற்குத் தனித்தனிச் செய்தி.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பின்னால் வரப்போகிற பெரிய ஆபத்து அந்த மூக்கு வழியாகத்தான் வருகிறது. நாய் முகரும்போது நொடிக்கு ஐந்து முறை அளவில் காற்றைச் சிறு சிறு இழுப்பாக இழுக்கிறது. மூக்குத் துளையின் ஓரத்தில் ஒரு பிளவு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளிவிடும் காற்று அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் போய்விடுகிறது. முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் இருப்பதோடு, அந்தக் காற்றோட்டமே புதிய வாசனையை மூக்கை நோக்கி இழுத்துவருகிறது. உள்ளே போன காற்றில் ஒரு பகுதி மூச்சுக்கும் ஒரு பகுதி மோப்பத்துக்கும் பிரிந்துபோகிறது. வாசனை உணரும் செல்கள் நமக்கு இருப்பதைப்போலப் பல பத்து மடங்கு அதற்கு உண்டு. நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஒரு கருத்தை முன்வைக்கிறார்: வெளியே போன எஜமானரின் வாசனை வீட்டில் நேரம் ஆக ஆக மங்கிக்கொண்டே வரும், எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை வைத்தே அவர் திரும்பும் நேரத்தை நாய் கணித்துவிடலாம் என்கிறார். இன்னும் உறுதியாக நிறுவப்படாத கருத்துதான். ஆனாலும் நாய் எந்த உலகத்தில் வாழ்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் கருத்தை நான் படித்ததில்லை.

இப்போது மேசைக்கு வருவோம். மேலே ஒருவர் தன் பதின்வயதை நினைவுகூர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கீழே நாய் படுத்திருக்கிறது. இருவர் மூளையிலும் நடப்பது என்ன?

மனிதரின் தன்வரலாற்று நினைவு சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவைதான் மிகுதியாக வரும். உளவியலில் பலமுறை உறுதிப்பட்ட முடிவு இது. முதல் வேலை, முதல் காதல், முதல் ஊர்மாற்றம் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. தன்வரலாறு எழுத உட்காரும் பலர் இளமையைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதிவிடுவதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. வாசனை தூண்டும் நினைவுகள் அதற்கும் முந்தியவை. ஸ்வீடனில் வில்லாண்டரும் லார்சனும் முதியவர்களிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லையும் படத்தையும் காட்டியபோது பதின்வயது நினைவுகள் வந்தன. வாசனையைக் கொடுத்தபோது பத்து வயதுக்கு முந்திய நினைவுகள் வந்தன. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் ஒரு சுற்று சுற்றியே நினைவுப் பகுதியை அடைகிறது. வாசனைக்கு அங்கே குறுக்குவழி இருக்கிறது. எழுதும்போது ஒரு பழைய நிகழ்ச்சி பிடிபடாவிட்டால், அந்தக் காலத்துப் பொருள் ஒன்றை முகர்ந்து பார்ப்பது நல்ல உத்தி.

நினைவைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. 2000ஆம் ஆண்டு கரீம் நாடெரும் அவர் குழுவினரும் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார்கள். பதிந்துபோன ஓர் அச்ச நினைவை மீண்டும் கிளறினால், அது சில மணி நேரம் இளகிய நிலைக்குப் போகிறது; மூளை அதை மறுபடி பதிய வைக்க வேண்டியிருக்கிறது. மனித நினைவுக்கும் இது எந்த அளவு பொருந்தும் என்று விவாதம் நடக்கிறது. இருந்தாலும் தன்வரலாறு எழுதுகிறவர் பழைய கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம், கூட இருந்தவரின் வாய்மொழி இவற்றோடு தன் நினைவை ஒத்துப் பார்க்க வேண்டியதன் அவசியத்தை இதைவிட வேறெதுவும் வலியுறுத்தாது.

நாய்க்கு இப்படிக் கடந்துபோன நிகழ்ச்சி நினைவில் நிற்குமா? கட்டளையையும் வழியையும் அது நினைவில் வைத்திருக்கும் என்பது தெரியும். ‘நேற்று இவர் இதைச் செய்தார்’ என்ற வகை நினைவு இருக்குமா என்பதே கேள்வி. கிளாடியா ஃபுகாட்சா, பொகானி, மிக்லோஷி ஆகியோர் 17 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். சோதனையின் அழகு அதன் தந்திரத்தில் இருக்கிறது. எஜமானர் செய்வதைப் பார்த்து, ‘செய்’ என்றதும் அதையே செய்ய நாய்களுக்கு முதலில் பழக்கினார்கள். பிறகு எஜமானர் எதைச் செய்தாலும் பேசாமல் படுத்துக்கொள்ளப் பழக்கினார்கள். ஆகவே இனி எதையும் நினைவில் வைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நாய்க்கு இல்லை. அந்த நிலையில் எஜமானர் ஒரு செயலைச் செய்துவிட்டு, நாயைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், சற்று நேரம் கழித்துத் திடீரென்று ‘செய்’ என்றார். பல நாய்கள் எஜமானர் செய்ததைச் செய்து காட்டின. ஒரு நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகவும், ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது குறைவாகவும் செய்தன. ஆய்வாளர்கள் இதை மனிதரின் நிகழ்ச்சி நினைவு என்றே சொல்லிவிடவில்லை, அதை ஒத்தது என்று மட்டும் சொன்னார்கள். 2020இல், நாய்கள் தாம் முன்பு செய்ததையும் இதேபோல் நினைவுகூர்வதாக அதே குழுவினர் காட்டினார்கள். மேசைக்குக் கீழே படுத்திருக்கும் நாயும் தன் நாளை ஓரளவு நினைவில் வைத்திருக்கிறது.

தூக்கமும் இதில் சேரும். எழுதுபவரின் காலடியில் நாய் பகலில் பலமுறை தூங்கி எழுகிறது. மூளை மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வுகளில், புதிதாக ஒன்றைக் கற்ற பின் வரும் தூக்கத்தில் எழும் ஒருவகைச் சிற்றலைகள் மிகுதியாக இருந்த நாய்கள் கற்றதை நன்றாக நினைவில் வைத்திருந்தன. மனிதரிடமும் இதே சிற்றலைகள் நினைவைப் பதிக்க உதவுகின்றன.

அரிசிச் சோறு பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டு நாய் தயிர்ச் சோறும் மீன் குழம்புச் சோறும் தின்று வளர்கிறது. ஓநாயால் அப்படி வாழ முடியாது. 2013இல் எரிக் ஆக்சல்சன் குழுவினர், மாவுப் பொருளைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகளும் நாய்களுக்கு நான்கு முதல் முப்பது பிரதிகள் வரையும் இருப்பதைக் கண்டார்கள். மனிதன் தானியம் விளைவித்த இடத்தில் நாயின் குடலும் மாறியது.

மூளையும் குடலும் மூக்கும் இவ்வளவு நம்மோடு இணங்கிவிட்ட ஒரு பிராணி, நாம் இருக்கும் இடத்தின் ஆபத்துகளுக்கு மட்டும் இணங்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் அது தெரியும்.

வைக்கோல் போர், செங்கல் அடுக்கு, வேலிகாத்தான் புதர், கோழிக்கூண்டு, கிணற்றடி ஆகிய இடங்களில் எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. நாய் அங்கே போய் என்ன செய்யும்? மூக்கை நீட்டும். அதனால்தான் நாய்களுக்குப் பாம்புக்கடி பெரும்பாலும் முகவாயிலும் முன்னங்காலிலும் விழுகிறது. கண்ணாடி விரியன் சீறுவது நாயை விரட்டுவதில்லை, குரைக்கச் செய்கிறது. குரைத்துக்கொண்டே நெருங்குவது நாயின் பழக்கம். கீரிக்கு உடலில் ஒரு பாதுகாப்பு உண்டு: நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தில் இருக்கும் ஏற்பியின் வடிவம் மாறியிருப்பதால், நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு அங்கே ஒட்டாது. நாய்க்கு அந்த மாற்றம் இல்லை. கீரியைப் பார்த்துவிட்டு நம் நாயும் பாம்போடு சண்டை போட்டுச் சமாளிக்கும் என்று நினைப்பது தவறு.

நம் பக்கத்தில் மனிதரையும் நாயையும் அதிகமாகக் கொல்லும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டின் நஞ்சு நரம்புகளைத் தாக்கி, மூச்சுத் தசைகளை நிறுத்துகிறது. விரியன்களின் நஞ்சு ரத்தத்தைத் தாக்குகிறது. கண்ணாடி விரியன் நஞ்சில் உள்ள ஒரு புரதம், ரத்தம் உறையும் சங்கிலியில் நடுவில் புகுந்து முடுக்கிவிடுகிறது. உறைய வேண்டிய பொருளெல்லாம் அங்கங்கே தேவையில்லாமல் உறைந்து தீர்ந்துபோகிறது. அப்புறம் எங்கே கீறினாலும் ரத்தம் நிற்காது, சிறுநீரகம் கெடும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளிமையானது. சுத்தமான, உலர்ந்த, சோப்பு படாத புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும், உறையாவிட்டால் தண்ணீராக வழியும். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு: உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடிப் பரப்புதான், பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை பொய் சொல்லும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் முதல் பெரிய மருத்துவமனை வரை மனிதருக்குச் செய்யும் இந்தச் சோதனையின் தத்துவம் நாய்க்கும் பொருந்தும்.

மருந்தும் ஒன்றுதான். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் சங்கம் இருக்கிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்தே போகிறது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் இருளர்கள் பாம்புகளைப் பிடித்து வருகிறார்கள். வாயில் துணி கட்டிய மண்பானைகளில் அவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பானையிலிருந்து கொக்கியால் பாம்பை எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பல்லைப் பதிய வைத்ததும் மஞ்சளாக இறங்குகிறது நஞ்சு. வாரம் ஒருமுறையாகச் சில வாரம் எடுத்தபின், அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலைச் சிறிதளவு நறுக்கிவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். இந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து உலர்த்தியதே விஷமுறிவு மருந்து. மனிதருக்கும் நாய்க்கும் அதே குப்பி.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. கரைத்த மருந்தில் ஒரு மில்லி, கண்ணாடி விரியன் நஞ்சு 0.6 மில்லிகிராமை முறிக்கும். 10 மில்லி குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். வளர்ந்த கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராமுக்கு மேல் செலுத்தக்கூடியது. ஆகவேதான் மனிதருக்கு எட்டு முதல் பத்துக் குப்பியில் சிகிச்சை தொடங்குகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. மருந்து உடல் எடைக்குக் கொடுக்கப்படுவதில்லை, உள்ளே போன நஞ்சுக்குக் கொடுக்கப்படுகிறது. சின்ன நாய்க்குச் சின்ன அளவு போதும் என்று நினைப்பது இதனால் தவறு. சின்ன உடலில் அதே நஞ்சு இன்னும் கடுமையாக வேலை செய்யும். கடித்த இடத்தைக் கீறுவது, கயிறு இறுக்குவது, பச்சிலை அரைத்துப் புகட்டுவது எல்லாம் மணித்துளிகளைத் தின்பவை. நாயை ஓடவிடாமல் தூக்கிக்கொண்டு, வண்டியில் ஏற்றி, மருந்து கையிருப்பு உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி இந்தப் பகுதிக்குப் பெரிய துணை. ஆனால் செங்கல்பட்டிலிருந்து அங்கே போகும் தூரத்தை நினைத்தால், அருகில் எந்த மருத்துவரிடம் மருந்து இருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

மனிதருக்கு நேர்வதை மறந்துவிட்டு நாயைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதன் ஆசிரியர்களில் விட்டேகரும் ஒருவர். நாய் தோட்டத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக் குரைத்தால் டார்ச் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

நாயின் மூக்கைப் பயிற்றுவித்தால் அதே பாம்பைத் தேட அதைப் பயன்படுத்தலாம் என்பதற்கும் இருளர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்கிருந்த காட்டு விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2017இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் இங்கிருந்து அழைத்தது. முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதே திட்டத்தில் பயிற்சி பெற்ற மோப்ப நாய்களும் இருந்தன. நாய் வாசனையைப் பின்பற்றுகிறது. இருளர் மண்ணில் பதிந்த தடத்தையும், நசுங்கிய புல்லையும், உரிந்த சட்டையையும் படிக்கிறார். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பயிற்சி பெற்ற நாய்க்கு, வாசனை கிடைத்ததும் தள்ளி நின்று உட்காரச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் வீட்டு நாய்க்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

பாம்புக்கு அடுத்தது சிறுத்தை. இதுதான் விட்டேகர் வீட்டையே உலுக்கியது. செங்கல்பட்டில் அவர்கள் வளர்த்த நாயைச் சிறுத்தை கொண்டுபோனது. வாழ்நாள் முழுக்க விலங்குகளோடு வாழ்ந்த மனிதருக்கும் அது பெரிய இழப்புதான். அதற்குப் பின் அவர் சிறுத்தைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிளம்பினார். 2013இல் பிபிசியில் வந்த ‘லெப்பர்ட்ஸ்: ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி கேட்ஸ்’ படம் அந்தத் தேடலைச் சொல்கிறது. நாயைக் கொன்றதைக் கொல்ல வேண்டும் என்று கிளம்பாமல், அது ஏன் இங்கே வாழ்கிறது என்று கேட்டதுதான் அவருடைய பெருமை என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு மகாராஷ்டிரத்தில் நல்ல பதில் கிடைத்தது. அகோலே வட்டாரத்தில் கரும்பும் சோளமும் விளையும் நிலம், காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் அந்த இடத்தில், 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சிறுத்தைகள் இருப்பதை வித்யா அத்ரேயா குழுவினர் தானியங்கிப் படக்கருவிகள் வைத்துக் கண்டார்கள். எச்சங்களைச் சேகரித்து, அவற்றில் இருந்த முடியை ஆராய்ந்து, அவை எதைத் தின்கின்றன என்றும் கணக்கிட்டார்கள். உணவின் எடையில் 87 சதவீதம் வளர்ப்புப் பிராணிகள். தனியாக நாய் மட்டும் 39 சதவீதம். ஆடும் மாடும் அதற்குப் பின்னால்தான். சிறுத்தை விரும்பிப் பிடிக்கும் இரை 10 முதல் 40 கிலோ எடைக்குள் இருக்கும். நம் நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் அந்த எடைக்குள் வருகின்றன. காவலுக்கு வைத்த நாய் இரவில் குரைத்துத் தான் இருக்கும் இடத்தைத் தானே தெரிவிக்கிறது. சங்கிலியில் கட்டியிருந்தால் ஓடவும் முடியாது. இருட்டில் பார்க்கும் திறன் நாய்க்கும் உண்டு, ஆனால் பதுங்கி வரும் சிறுத்தை குரல்வளையைக் கவ்விய பிறகு அது பயன்படாது. இமயமலையில் ஆட்டிடையர்கள் தங்கள் நாய்களின் கழுத்தில் ஆணி பதித்த இரும்புப் பட்டை போடுவது இதற்காகத்தான்.

சிறுத்தை நடமாட்டம் தெரிந்தால் ஊர் உடனே கூண்டு வைக்கச் சொல்கிறது. அந்த அச்சம் நியாயமானது. கூண்டில் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் அப்படிப் பிடித்து இடம்மாற்றத் தொடங்கிய பின், ஆண்டுக்கு நான்காக இருந்த மனிதர் மீதான தாக்குதல் பதினேழாக உயர்ந்ததை அத்ரேயா குழு 2011இல் வெளியிட்டது. பழகிய நிலத்தில் மனிதரைத் தவிர்க்கக் கற்றிருந்த விலங்கு, தெரியாத நிலத்தில் தவிக்கிறது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்துசேர்கிறது. இரை இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். தெருமுனையில் கொட்டிய இறைச்சிக் கழிவு தெருநாய்களை வளர்க்கிறது, தெருநாய்கள் சிறுத்தையை அழைக்கின்றன. இந்தச் சங்கிலியில் நம் கையில் இருக்கும் கண்ணிகள் இரண்டு: குப்பையும் நாயும்.

கடற்கரைப் பக்கம் வந்தால் நாயே வேட்டைக்காரன். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, மாமல்லபுரம் முதல் சென்னை வரையுள்ள மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பொரிய ஏழு வாரம் வரை ஆகும். மணலுக்கு அடியில் முழங்கை ஆழத்தில் இருக்கும் முட்டையை நாயின் மூக்கு சிரமமில்லாமல் கண்டுபிடிக்கிறது. நாய் தோண்டினால் ஒரே இரவில் ஒரு குழி முழுவதும் போய்விடும். 1970களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய, முட்டைகளைத் தேடிக் கடற்கரையில் இரவில் நடக்கும் ‘ஆமை நடை’யும், 1988 முதல் சென்னையில் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு வலைப்பின்னலும், முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகங்களுக்கு மாற்றுவதற்குக் கடற்கரை நாய்களும் ஒரு முக்கியக் காரணம்.

மூக்கு நீட்டினால் பாம்பு, குரைத்தால் சிறுத்தை, தோண்டினால் ஆமை. மூன்றும் பெரும்பாலும் இருட்டில் நடக்கின்றன. மூன்றுக்கும் மருந்து ஒன்றாக இருப்பது நல்ல வாய்ப்பு. நம்மில் பலர் நாயைக் காவலுக்காக இரவில் வெளியே விடுகிறோம், பகலில் கட்டிப்போடுகிறோம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நாயின் இடம் இரவில் வீட்டுக்குள், எழுதுகிறவரின் மேசைக்குக் கீழேதான். அங்கே இருந்தாலும் அது காவல் காக்கும். அதன் கூர்மையான காதுக்குக் கதவு பெரிய தடையல்ல.

இந்தப் பக்கம் வீடு கட்டி நாயோடு குடியிருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பொழுது சாயும் முன் நாய்க்குச் சோறு வைத்து முடித்து, மிச்சத்தை வாசலில் கொட்டாமல் எடுத்துவிடுங்கள். உள்ளே இடமில்லாவிட்டால் மேற்கூரையும் நான்கு பக்கக் கம்பியும் உள்ள கொட்டில் கட்டுங்கள், திறந்த கொட்டில் சிறுத்தைக்குத் தடையாகாது. சுவரோரச் செங்கலையும் விறகையும் அப்புறப்படுத்துங்கள். ஆமைப் பருவத்தில் கடற்கரைக்குக் கயிறு இல்லாமல் நாயைக் கூட்டிப்போகாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் யார், இரவில் எடுப்பாரா என்பதை இந்த வாரமே விசாரித்து, அவர் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.